இடைநிலைப்பள்ளி மோதல்கள்: பிள்ளையின் புள்ளிகள் ஏன் சரிகின்றன? பெற்றோர் அறிய வேண்டியவை

உங்கள் மகன் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு முடிக்கும்வரை நன்றாகத்தான் படித்தான். இடைநிலைப்பள்ளிக்குப் போய் ஆறு மாதம்கூட ஆகவில்லை, புள்ளிகள் சரிந்துவிட்டன. "காலையில வயிறு வலிக்குதும்மா" என்று வாரத்தில் ஒரு நாளாவது வீட்டில் தங்கிவிடுகிறான். ஆசிரியரைக் கேட்டால், "வகுப்புல கவனமே இல்லைங்க" என்கிறார். நீங்கள் கைப்பேசியைப் பிடுங்கி வைக்கிறீர்கள், டியூஷனுக்கு அனுப்புகிறீர்கள். ஆனாலும் மாற்றமில்லை.

பெரும்பாலும் இந்த இடத்தில் ஒரு கேள்வி கேட்கப்படாமலே போய்விடுகிறது: "பள்ளியில உனக்கு யாரோடயாவது பிரச்சினையாப்பா?"

ஈப்போ, சுங்கை சிப்புட், கோலகங்சார், தெலுக் இந்தான் எனப் பேரா மாநிலத்தின் பழைய தோட்டப் பகுதிகளில் வாழும் குடும்பங்களுக்கு இது முக்கியமான கேள்வி. சண்டை என்றால் கட்டொழுங்குப் பிரச்சினை, புள்ளி குறைந்தால் சோம்பேறித்தனம் என்று நாம் இரண்டையும் தனித்தனியாகப் பார்க்கிறோம். பல பிள்ளைகள் விஷயத்தில் இரண்டும் ஒன்றோடொன்று தொடர்புடையவை. அது எப்படி என்று பார்ப்போம்.

எதையெல்லாம் மோதல் என்கிறோம்?

மோதல் என்றதும் இரண்டு மாணவர்கள் கைகலப்பில் இறங்குவதுதான் நம் நினைவுக்கு வரும். அது கண்ணுக்குத் தெரிகிற வகை. தெரியாத வகைகளும் உண்டு.

ஒருவனைத் தொடர்ந்து பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடுவது, நிறத்தையோ இனத்தையோ சொல்லிக் கிண்டல் செய்வது, சிற்றுண்டிச்சாலையில் காசைப் பிடுங்குவது, வாட்ஸ்அப் குழுவிலிருந்து விலக்கிவைத்துப் பின்னால் பேசுவது ஆகிய எல்லாம் பகடிவதைதான். இரு குழுக்களுக்கு இடையிலான பகை, ஆசிரியருக்கும் மாணவருக்கும் இடையிலான முறுகல் ஆகியவையும் மோதலில் சேரும். பெண் பிள்ளைகளிடையே கைகலப்பைவிட ஒதுக்கிவைத்தல்தான் அதிகம் என்பதால், அது வீட்டுக்கே தெரியாமல் மாதக்கணக்கில் நடக்கலாம்.

யுனெஸ்கோ 2019-இல் வெளியிட்ட உலகளாவிய அறிக்கை, மாணவர்களில் ஏறக்குறைய மூவரில் ஒருவர் முந்தைய ஒரு மாதத்தில் ஒரு முறையாவது பகடிவதைக்கு ஆளானதாகக் கூறுகிறது. 36 விழுக்காட்டினர் ஓராண்டில் சக மாணவரோடு கைகலப்பில் ஈடுபட்டிருந்தனர்.

மலேசிய நிலவரமும் கவலை தருகிறது. 15 வயது மாணவர்களிடம் நடத்தப்படும் பிசா ஆய்வின் 2018-ஆம் ஆண்டு முடிவுப்படி, மாதத்தில் சில முறையாவது பகடிவதைக்கு ஆளாவதாக மலேசிய மாணவர்களில் 36 விழுக்காட்டினர் கூறினர். ஓ.இ.சி.டி. நாடுகளின் சராசரி 23 விழுக்காடு.

தோட்டத்திலிருந்து தாமானுக்கு: பேராவின் கதை

பேராவுக்கும் ரப்பருக்கும் உள்ள உறவு நீண்டது. 1877-இல் கோலகங்சாரில் நடப்பட்ட ரப்பர் கன்றுகளில் ஒன்று மரமாகி இன்றும் அங்கே நிற்கிறது. ரப்பர் பெருகியபோது தமிழ்நாட்டிலிருந்து தொழிலாளர்கள் அழைத்துவரப்பட்டனர், தோட்டங்களில் பள்ளிகள் உருவாகின. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் விதித்தது.

பின்னர் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. ரப்பர் இருந்த இடத்தில் செம்பனை வந்தது. வீடமைப்புத் திட்டங்களுக்காகவும் நிலங்கள் விற்கப்பட்டன. லயன் வீடுகளில் வாழ்ந்த குடும்பங்கள் ஈப்போவைச் சுற்றியுள்ள தாமான்களுக்கும் மலிவு விலை அடுக்குமாடி வீடுகளுக்கும் குடிபெயர்ந்தன. பேராவில் இன்றும் 130-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றில் பல, தோட்டமே இல்லாமல் போன பிறகும் தோட்டத்தின் பெயரைத் தாங்கி நிற்கின்றன.

இந்த இடப்பெயர்வில் குடும்பங்கள் இழந்த ஒன்றைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. தோட்டத்தில் ஒரு பையன் பள்ளிக்குப் போகாமல் சுற்றினால், பால் மரம் வெட்டப் போன அம்மாவுக்கு மாலைக்குள் செய்தி வந்துவிடும். கோயில், கடை, பள்ளி, லயம் எல்லாம் ஒரே வட்டத்துக்குள் இருந்தன. அந்த வாழ்க்கையில் வறுமையும் அடிமைத்தனமும் நிறையவே இருந்தன, அதைப் பெருமையாகச் சொல்வதற்கில்லை. ஆனால், பிள்ளையைப் பார்க்கும் கண்கள் பல இருந்தன. அடுக்குமாடி வீட்டில் அப்பா ஷிஃப்ட் வேலைக்கும் அம்மா தொழிற்சாலைக்கும் போனபின், பிள்ளை எங்கே இருக்கிறான் என்று பக்கத்து வீட்டுக்காரருக்கும் தெரியாது.

முதல் மோதல் மொழியோடு

தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டுகள் தமிழில் படித்த பிள்ளை, இடைநிலைப்பள்ளியில் மலாய்மொழியில் படிக்க வேண்டும். கணிதம், அறிவியல், வரலாறு, புவியியல் என்று எல்லாவற்றிலும் கலைச்சொற்கள் மாறிவிடுகின்றன.

மலாய்மொழியில் போதிய தேர்ச்சி பெறாத தமிழ், சீனப்பள்ளி மாணவர்கள் முதலாம் படிவத்துக்கு முன் ஓராண்டு புகுமுக வகுப்பில் படிப்பார்கள். யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் நீக்கப்பட்ட பின், பள்ளி அளவிலான மதிப்பீடுகளைக் கொண்டு இது முடிவாகிறது. மொழியைத் தேற்றிக்கொள்ள இந்த ஆண்டு உதவ வேண்டும் என்பதே நோக்கம். ஆனால் பிள்ளையின் மனத்தில், "நான் பின்தங்கியவன்" என்ற எண்ணம் பதிந்துவிடக் கூடும். அடுத்த ஆண்டு முதலாம் படிவத்தில் தன்னைவிட ஒரு வயது சிறியவர்களோடு உட்காரும்போது அது இன்னும் உறுத்தும்.

பள்ளியின் அளவும் மாறுகிறது. 150-க்கும் குறைவான மாணவர்கள் உள்ள பள்ளிகளைக் கல்வியமைச்சு 'குறைந்த மாணவர் எண்ணிக்கை கொண்ட பள்ளி' என்று வகைப்படுத்துகிறது. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிகள் பல இந்த வகைதான். அங்கே தலைமையாசிரியருக்கு உங்கள் பிள்ளையின் பெயர் தெரியும், உங்கள் பெயரும் தெரியும். இடைநிலைப்பள்ளியில் ஆயிரம் பேர் இருக்கலாம்.

வகுப்பில் மலாய்மொழியில் பதில் சொல்லும்போது நாக்கு தடுமாறுகிறது. யாரோ சிரிக்கிறார்கள். அடுத்த முறை கேள்வி கேட்டால் பிள்ளை எழுந்து நிற்பதோடு சரி, வாய் திறப்பதில்லை. பாடம் புரியவில்லை என்றும் சொல்வதில்லை. சிரித்தவனோடு இடைவேளையில் ஒரு தள்ளுமுள்ளு. இப்படி, மொழியில் ஏற்பட்ட கூச்சம் சண்டையாக மாறுவதற்கு அதிக நாள் ஆவதில்லை.

மோதல் புள்ளிகளைக் குறைப்பது எப்படி?

பிசா 2018 ஆய்வில், அடிக்கடி பகடிவதைக்கு ஆளான மாணவர்கள் வாசிப்புத் தேர்வில் மற்றவர்களைவிடச் சராசரியாக 21 புள்ளிகள் குறைவாகப் பெற்றிருந்தனர். இது ஓ.இ.சி.டி. நாடுகளின் சராசரி, குடும்பப் பொருளாதார வேறுபாட்டைக் கணக்கில் எடுத்த பிறகும் வந்த இடைவெளி. படிப்பில் பின்தங்கியவர்கள்தான் அதிகம் சீண்டப்படுகிறார்களா என்ற கேள்வியும் உண்டு. இரண்டு பக்கமும் காரணம் இருக்கலாம். ஒன்று மற்றொன்றை வளர்க்கிறது என்பதைத்தான் பெற்றோர் நினைவில் வைக்க வேண்டும்.

பாதிப்பு மூன்று வழிகளில் வருகிறது.

முதலாவது, கவனம். "மணி அடிச்சதும் அவன் வாசல்ல நிப்பானா?" என்று யோசித்துக்கொண்டிருக்கும் பிள்ளையின் மண்டையில் கணக்குப் பாடம் ஏறாது. இரவில் தூக்கம் கெட்டால் காலையில் நிலைமை இன்னும் மோசம்.

இரண்டாவது, உறவு. சண்டைக்காரன் என்று பெயர் வாங்கிய பிள்ளை, சந்தேகம் கேட்க ஆசிரியரிடம் போகமாட்டான். வகுப்பில் ஒதுக்கப்பட்ட பிள்ளைக்குக் குழுப்பணி செய்யவும் நோட்டுப் புத்தகம் இரவல் வாங்கவும் ஆள் இருக்காது.

மூன்றாவது, வருகை. பேசப்படாமல் போகும் பெரிய இழப்பு இதில்தான் இருக்கிறது. அடிக்கடி பகடிவதைக்கு ஆளாகும் மாணவர்கள் பள்ளிக்கு மட்டம் போடும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரு மடங்குக்கும் அதிகம் என்று அதே யுனெஸ்கோ அறிக்கை சொல்கிறது.

ஒரு சிறிய கணக்கு போட்டுப் பாருங்கள். நம் நாட்டில் ஒரு பள்ளி ஆண்டு ஏறக்குறைய 190 நாள், அதாவது 38 வாரம். வாரத்தில் ஒரு நாள் போகாவிட்டால் ஆண்டுக்கு 38 நாள். ஐந்து படிவங்களுக்கும் இப்படியே தொடர்ந்தால் 190 நாள். ஒரு முழுப் பள்ளி ஆண்டே காணாமல் போய்விடுகிறது. "வாரத்துல ஒரு நாள்தானே" என்று நாம் விட்டுக்கொடுப்பதன் மொத்தத் தொகை இது.

அடிப்பவனின் படிப்பும் தப்புவதில்லை. கட்டொழுங்கு அறையில் நிற்கும் நேரமும் பள்ளியிலிருந்து இடைநீக்கம் செய்யப்படும் நாள்களும் அவனுடைய பாட நேரத்திலிருந்துதான் கழிகின்றன.

எஸ்.பி.எம். சான்றிதழில் இது எங்கே தெரியும்?

எஸ்.பி.எம். சான்றிதழ் கிடைக்க இரண்டு பாடங்களில் கட்டாயம் தேர்ச்சி பெற வேண்டும். ஒன்று மலாய்மொழி. மற்றொன்று, 2013 முதல், வரலாறு. மற்ற பாடங்களில் எவ்வளவு வாங்கினாலும் இந்த இரண்டில் ஒன்று போனால் சான்றிதழ் இல்லை.

இந்த இரண்டுமே மொழியைச் சார்ந்தவை. நிறைய வாசித்து, நிறைய எழுதி, வகுப்பில் பேசிப் பழகினால்தான் வசமாகும். பேசக் கூச்சப்பட்டு வாய் மூடிய பிள்ளையும், வாரம் ஒரு நாள் மட்டம் போடும் பிள்ளையும் முதலில் அடிவாங்குவது இந்தப் பாடங்களில்தான். முதலாம் படிவத்தில் நடந்த ஒரு கேலி, ஐந்தாம் படிவத்தில் சான்றிதழ் இல்லாமல் நிற்பதில் போய் முடியலாம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். மூன்றாம் படிவத்தில் எழுதப்பட்ட பி.டி.3 தேர்வும் 2022-இல் நீக்கப்பட்டது. பிள்ளைகளின் தேர்வுச் சுமை குறைந்தது உண்மை. அதோடு, ஐந்தாம் படிவத்துக்கு முன் பெற்றோரை உலுக்கி எழுப்பும் பொதுத்தேர்வும் இல்லாமல் போய்விட்டது. எனவே பள்ளி தரும் மதிப்பீட்டு அறிக்கைகளை நீங்கள்தான் ஒவ்வொரு முறையும் படித்துப் பார்க்க வேண்டும்.

கும்பல் எப்போது உள்ளே வருகிறது?

2013 ஆகஸ்டில் உள்துறை அமைச்சு 49 சட்டவிரோதக் குண்டர் கும்பல்களின் பட்டியலை வெளியிட்டது. அவற்றில் 40,000-க்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் இருப்பதாகவும், ஏறக்குறைய பத்தில் ஏழு பேர் இந்தியர்கள் என்றும் அப்போது கூறப்பட்டது. நாட்டு மக்கள்தொகையில் இந்தியர்கள் ஏழு விழுக்காட்டு அளவில்தான் உள்ளனர் என்பதோடு சேர்த்துப் பார்த்தால் அந்த எண்ணிக்கையின் கனம் புரியும்.

இதை வைத்து இந்திய மாணவர்களையே சந்தேகக் கண்ணோடு பார்ப்பது அநியாயம். அந்த மாணவர்களில் மிகப் பெரும்பாலோருக்கும் கும்பல்களுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆனால் கும்பல்கள் யாரைத் தேடுகின்றன என்பதைப் பெற்றோர் தெரிந்துவைத்திருக்க வேண்டும். பள்ளியில் அடிவாங்கி, யாரிடமும் சொல்ல முடியாமல் தனித்து நிற்கும் பையனிடம், "உன்மேல எவனும் கை வைக்க மாட்டான், நாங்க பாத்துக்கிறோம்" என்று ஒருவர் வந்து சொன்னால், அது அவனுக்கு ஆறுதலாகத்தான் இருக்கும். பள்ளியும் வீடும் தராத பாதுகாப்பை ஒரு 'அண்ணன்' தருகிறார். பிறகு அதற்கு விலை கேட்கப்படும்.

எண்களையே பெயராகக் கொண்ட கும்பல்கள் பல. பிள்ளையின் பையிலோ நோட்டிலோ ஒரே எண் திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருந்தால், கை நீட்டுவதற்கு முன் உட்காரவைத்துப் பேசுங்கள்.

பிரம்படியும் இடைநீக்கமும் தீர்வாகுமா?

1959-ஆம் ஆண்டின் கல்வி (பள்ளிக் கட்டொழுங்கு) விதிமுறைகள், ஆண் மாணவர்களுக்குப் பிரம்படி கொடுக்கப் பள்ளித் தலைவருக்கு அதிகாரம் தருகின்றன. பெண் பிள்ளைகளை அடிக்க அனுமதியில்லை. எச்சரிக்கை, இடைநீக்கம், பள்ளியிலிருந்து விலக்குதல் ஆகியவையும் உண்டு.

கடுமையான வன்முறைக்குத் தண்டனை தேவை. மற்ற பிள்ளைகளின் பாதுகாப்பும் பள்ளியின் பொறுப்புதானே. ஆனால் இடைநீக்கம் மட்டும் செய்தால், ஏற்கெனவே பாடத்தில் பின்தங்கியவன் இன்னும் பின்தங்கித் திரும்புவான். எதனால் சண்டை வந்ததோ அந்தக் காரணம் அங்கேயே இருக்கும். இடைநீக்கக் கடிதம் வந்தால், "இந்த நாள்களின் பாடங்களை எப்படி ஈடுகட்டுவது? திரும்பி வரும்போது யார் பேசி வைப்பார்கள்?" என்ற இரண்டு கேள்விகளையும் பள்ளியிடம் கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

இடைநிலைப்பள்ளிகளில் முழுநேர ஆலோசக ஆசிரியர்கள் இருக்கிறார்கள். 500 மாணவர்களுக்கு ஒருவர் என்பதே நீண்டகாலமாக இருந்துவந்த அளவு. ஆகவே அவர் தானாக உங்கள் பிள்ளையைக் கண்டுபிடிப்பார் என்று காத்திருக்க வேண்டாம். சக மாணவர் வழிகாட்டிக் குழுக்களும் பள்ளிகளில் உண்டு. ஆசிரியரிடம் பேசத் தயங்கும் பிள்ளைக்கு அது எளிதான வாசல்.

சட்டம் என்ன சொல்கிறது?

மலேசியாவில் குற்றப் பொறுப்புக்கான வயது 10. பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களின் வழக்குகள் 2001-ஆம் ஆண்டின் சிறார் சட்டத்தின்கீழ் விசாரிக்கப்படும். "சின்னப் பசங்க சண்டை, போலீசு ஒன்னும் பண்ணாது" என்பது தவறான நம்பிக்கை.

பகடிவதையைத் தனிக் குற்றமாக்கும் குற்றவியல் சட்டத் திருத்தங்கள் 2025 ஜூலை 11 முதல் நடப்பில் உள்ளன. மிரட்டல், அவமதிப்பு, இணையத்தில் ஒருவரின் சொந்த விவரங்களைப் பரப்பித் துன்புறுத்துவது ஆகியவை அவற்றில் அடங்கும். சிறார் சம்பந்தப்பட்ட பகடிவதைப் புகார்களை விசாரிக்கத் தனி நடுவர் மன்றம் அமைக்க வகைசெய்யும் மசோதாவையும் 2025 இறுதியில் மக்களவை நிறைவேற்றியது. இடைநிலைக் கல்வியைக் கட்டாயமாக்கும் சட்டத் திருத்தமும் அதே ஆண்டில் மக்களவையில் நிறைவேறியது.

நீங்கள் என்ன செய்யலாம்?

வருகையையும் புள்ளிகளையும் சேர்த்துப் பாருங்கள். எந்த மாதத்தில் புள்ளி குறைந்தது, எந்த நாள்களில் பிள்ளை பள்ளிக்குப் போகவில்லை என்று ஒரு நாள்காட்டியில் குறியுங்கள். ஒரே கிழமை திரும்பத் திரும்ப வந்தால், அன்று என்ன பாடம், என்ன புறப்பாட நடவடிக்கை என்று விசாரியுங்கள். காரணம் அங்கே அகப்படலாம்.

கேட்கும் விதத்தை மாற்றுங்கள். "யார்கூட சண்டை போட்ட?" என்று கேட்டால் பிள்ளை மூடிக்கொள்வான். "இன்னைக்கு ரெஸ்ட் நேரத்துல யார்கூட உக்காந்து சாப்பிட்ட?" என்று கேளுங்கள். "யாரும் இல்ல" என்ற பதில் பல நாள் தொடர்ந்து வந்தால், அதுவே தகவல்.

"திருப்பி அடிச்சிட்டு வா" என்று சொல்லாதீர்கள். அந்த நேரத்தில் அது தைரியம் தருவதுபோல் தோன்றும். மறுநாள் கட்டொழுங்கு அறையில் குற்றவாளியாக நிற்பவன் உங்கள் பிள்ளையாக இருப்பான்.

பள்ளிக்குப் போங்கள், எழுத்தில் கொடுங்கள். முதலில் வகுப்பாசிரியர், அடுத்து ஆலோசக ஆசிரியர், பிறகு பள்ளி முதல்வர். நாள், இடம், நடந்தது என்ன என்று சுருக்கமாக எழுதி, ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள். மலாய்மொழியில் பேசத் தயக்கமாக இருந்தால், தெரிந்த ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். நம் பெற்றோரில் பலர் பள்ளிப் படியேறாததற்கு அக்கறையின்மை காரணமல்ல, இந்தத் தயக்கம்தான். அம்மாவுக்கு வரும் கூச்சமும் மகனுக்கு வகுப்பில் வந்த கூச்சமும் ஒன்றே.

பதில் கிடைக்காவிட்டால் மேலே செல்லுங்கள். மாவட்டக் கல்வி இலாகாவிலும் கல்வியமைச்சின் பகடிவதைப் புகார் அகப்பக்கத்திலும் புகார் செய்யலாம். காயம் ஏற்பட்டிருந்தால் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று, காவல்நிலையத்தில் புகார் கொடுங்கள். உடனடி உதவிக்கு தாலியான் காசே 15999 எண் 24 மணி நேரமும் இயங்குகிறது. மன அழுத்தத்தில் இருப்பவர்கள் ஹீல் 15555 எண்ணை அழைக்கலாம்.

பள்ளி மாற்றத்தை முதல் தீர்வாக எடுக்காதீர்கள். பாதுகாப்புக்கு ஆபத்து என்றால் மாற்றத்தான் வேண்டும். மற்ற நேரங்களில், மொழிக் கூச்சமும் தனிமையும் புதுப் பள்ளிக்கும் பிள்ளையோடு கூடவே போகும்.

ஏற்கெனவே பின்தங்கிவிட்டால்?

கதவுகள் மூடிவிடவில்லை. மலாய்மொழி, வரலாறு ஆகிய பாடங்களுக்கு எஸ்.பி.எம். மறுதேர்வு எழுதலாம். 1982-இல் தொடங்கப்பட்ட ஸ்ரீ முருகன் நிலையம் போன்ற சமூக அமைப்புகள் இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்கு வகுப்புகள் நடத்திவருகின்றன. பள்ளியைவிட்டு விலகிய இளையோருக்குத் தொழிற்பயிற்சி தரும் மைஸ்கில்ஸ் அறவாரியம் 2011-இல் தொடங்கப்பட்டது. அதன் வளாகம் பேரா எல்லைக்கு அருகே, சிலாங்கூரின் கலும்பாங்கில் உள்ளது.

ஆனால் இவையெல்லாம் பிள்ளை விழுந்த பிறகு தூக்கிவிடும் கைகள். விழுவதற்கு முன் பிடிப்பது சுலபம், செலவும் இல்லை. தோட்டத்தில் பத்து வீடு சேர்ந்து பார்த்துக்கொண்ட வேலையை இன்று ஒரு வீடு தனியாகச் செய்ய வேண்டியிருக்கிறது. அடுத்த முறை மதிப்பீட்டு அறிக்கை கைக்கு வரும்போது, "ஏன்டா இவ்வளவு கம்மி?" என்று கேட்பதற்கு முன், பள்ளிக்கு வராத நாள்கள் எத்தனை என்ற இடத்தைப் பாருங்கள்.